வாத்தியாரும் அண்ணாவியாரும்: கூத்துக் கலைஞர் பள்ளியுள் புகுந்த வரலாறு

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் செல்லும் பெருவழியை அடுத்து, பாலுச்செட்டி சத்திரத்திற்கு அணித்தாக உள்ள சிற்றூர் திருப்புட்குழி. சடாயு என்னும் புள்ளுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய குழி என்று தலவரலாறு இதற்குப் பெயர்க்காரணம் கூறும். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பதிகளுள் இஃது ஒன்று. கல்வி வரலாற்றில் ஈடுபாடு உடையார்க்கு இவ்வூர் வேறொரு வகையாலும் நினைவிற்கு வரும். இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றது இவ்வூரில் என்பர் குருபரம்பரை நூலார். ஆசிரியர் கூறிய பொருளை மாணவர் ஏற்கவில்லை; வேறு பொருள் கூறினார்; பிணக்கு முற்றியது. அவ்வரலாற்றின் ஒவ்வொரு கூறும் அவ்வாறே நிகழ்ந்ததா என்பது வேறு வினா. வாய்மொழியாகப் பாடம் கேட்டு, கேட்ட பொருளை எதிரிருந்து வினவும் கல்வி இந்நிலத்திற்குப் பழக்கமானது என்பதற்கு அக்கதை வழங்குவதே போதிய சான்றாகும்.

அத்தகைய கல்வி காஞ்சி வட்டாரத்தில் அற்றுப்போய்விடவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கிக் கூத்துக்களத்தில் தங்கிற்று. திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நடக்குங்கால், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்வதை இவ்வட்டாரத்தார் யாவரும் அறிவர். பிரசங்கியார் கையில் இருப்பது பெரும்பாலும் வில்லிபுத்தூரார் பாரதம். தொண்டை நாட்டு முதலம்பேட்டு நல்லாப்பிள்ளையின் பாரதமும் சிற்சில இடங்களில் உண்டு. அதே வில்லிபாரதப் பகுதிகள் தாம் பல தலைமுறைகளாகப் பள்ளி, கல்லூரித் தமிழ்ப் பாடங்களிலும் இடம்பெற்று வந்தன. ஒரே காப்பியத்தைப் பகலில் வகுப்பறையில் ஒருவரும், இரவில் களத்தில் மற்றொருவரும் கற்பித்தனர். இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாது போனது எவ்வாறு, அவர்களை ஒரே அறைக்குள் கூட்டுவிக்க எவ்வெவ் விடங்களில் முயற்சி நடந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இரு சொற்களை நோக்குவோம். தொண்டை நாட்டில் கூத்துப் பயிற்றுவிப்பவரை வாத்தியார் என்று வழங்குவர். பள்ளியாசிரியரும் வாத்தியார்தாம். ஈழத்து மட்டக்களப்புப் பகுதியில் கூத்துப் பழக்குபவர் அண்ணாவியார். இச்சொல்லுக்கு உபாத்தியாயர் என்னும் பொருளும், நாடகம் பழக்குபவர் என்னும் பொருளும் பழைய அகராதிகளில் காணப்படுகின்றன. திண்ணைப் பள்ளியில் எழுத்தறிவித்தவனும் அண்ணாவி. களரியில் ஆட்டம் பழக்கியவனும் அண்ணாவி. கடல் கொண்டு பிரித்த இரு நிலங்களில், தொடர்பற்ற இரு சொற்களில், இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தி நிற்றல் தற்செயலாகாது. எழுத்துக் கற்பித்தலையும் கூத்துக் கற்பித்தலையும் ஒரு தொழிலின் இரு கிளைகளாகக் கண்ட ஒரு சமுதாயத்தின் எச்சமே இச்சொல்வழக்கு எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இக்கருத்திற்கு அரண் செய்வன பழைய சான்றுகள் இரண்டு. ஒன்று சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. மாதவி ஐந்தாம் ஆண்டில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள். அவளைப் பயிற்றிய குழுவை இளங்கோவடிகள் நிரல்பட விரிக்கிறார்: ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர். இதனை நாம் பெரும்பாலும் இசைநுட்பங்களுக்காகவும் அரங்கின் அளவைகளுக்காகவும் படிக்கிறோம். கல்வி நோக்கில் படிப்பின் வேறொன்று புலனாகும். நூல் வல்ல புலவன் அக்குழுவில் அறுவருள் ஒருவன். அவன் தலைவனுமல்லன், விலக்கப்பட்டவனுமல்லன். நம் வகுப்பறைகளிலோ அவ்வறுவருள் ஐவர் இலர். எஞ்சிய புலவன் ஒருவனே நாடகத் தமிழையும் நடத்தி முடித்துவிடுகிறான்.

மற்றொன்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு. இரண்டாம் இராசேந்திரன் காலத்ததாகிய அச்சாசனம், வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்குச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பானுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்குமாறு விதிக்கின்றது. நாடக வரலாற்று நூல்கள் அனைத்தும் எடுத்துக்காட்டும் சாசனம் இது. ஆயினும் அக்கூத்தனின் பட்டப் பெயர் விசயராசேந்திர ஆசாரியன் என்பதை நின்று நோக்குவார் சிலரே. அரசன் பெயரோடு ஆசாரியன் என்னும் சொல்லும் கூடிய பட்டம் அது. ஆடுபவனை ஆசிரியன் என்று அழைப்பதில் அக்காலத்தார்க்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்று நம் ஊர்களில் கூத்தாடி என்பது வசைச்சொல்.

இப்பிரிவு எப்பொழுது நேர்ந்தது? அதனை ஒரே ஆண்டில் வைத்துக் காட்டல் இயலாது. சர் தாமசு மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் காட்டிற்று. இவற்றுட் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அங்கே எண்ணும் எழுத்தும் சதகமும் மனப்பாடமாகவே ஊட்டப்பெற்றன. கூத்துக்காரர் தம் பிள்ளைகளுக்குப் பாட்டு ஊட்டிய முறையும் அதுவே. பின்னர் அச்சுநூலும், வகுப்பு வகுப்பாகப் பிரித்த பாடமும், எழுத்துத் தேர்வும் வந்தன. எழுதிக் காட்டத்தக்கது மட்டுமே கல்வி என்னும் எண்ணம் வேரூன்றியது. 1876-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கூத்தையும் நாடகத்தையும் ஐயத்திற்குரியனவாகக் காணும் அரசு மனப்பான்மையைச் சட்டமாக்கிற்று. கற்றோரிடையே நாடகத் தமிழ் ஆர்வம் இல்லாமற் போகவில்லை. 1891-இல் சுந்தரம் பிள்ளை மனோன்மணீயம் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். 1897-இல் பரிதிமாற் கலைஞர் நாடகவியல் இயற்றினார். விபுலாநந்த அடிகளின் மதங்க சூளாமணி 1926-இல் வந்தது. இவை யாவும் பெருமைக்குரியன. ஆனால் இவற்றுள் எதுவும் ஊர்க்கூத்தனை ஆசிரியனாக வகுப்பறைக்குள் அழைக்கவில்லை. பரிதிமாற் கலைஞர் கல்லூரிப் பேராசிரியர். நாடகத்திற்கு இலக்கணம் வகுத்தார். அவ்விலக்கணத்தைக் காலால் அறிந்திருந்தோர் கல்லூரி மதிலுக்கு வெளியே நின்றனர்.

மதிலுக்கு வெளியே ஒரு தனிப்பள்ளி அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த சிறுவர் நாடகக் குழுக்களே அவை. தவத்திரு சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அவரிடம் பயின்ற தி. க. சண்முகம், தம் நாடக வாழ்க்கை நூலில் அக்கால நிலையை விரித்துரைத்துள்ளார். சிறுவன் சண்முகம் நடிப்பதற்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த செய்தி அந்நூலால் பலரும் அறிந்தது. மாணவனின் குரலையும் உருவையும் எண்ணிப் பாடநூல் இயற்றும் ஆசிரியனை நம் கல்வித்துறை இன்னும் கண்டிலது. அங்குப் பாடமும் பாட்டும் தாளமும் ஒழுக்கமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. எனினும் அச்சிறுவர் பள்ளிக்குச் செல்லவில்லை. கலை அவர்களை ஏற்றது, கல்விக்கூடம் இழந்தது. அக்குழுக்களிலிருந்து புகழ் பெற்று வந்தோரை நாம் எண்ணி மகிழ்கிறோம். குரல் உடைந்த பின் வேடமும் இன்றி, எழுத்தும் நிரம்பாது வீடு திரும்பியவர்களின் வரலாற்றை எழுதினார் இலர்.

கலைஞரைக் கல்விக்கூடத்திற்குள் முறையாக அழைத்த பெருமை தமிழருள் முதலில் ஈழத்தவர்க்கே உரியது. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராகவும் இருந்து ஆற்றிய பணி இதற்குத் தோற்றுவாய். 1956-இல் பேராசிரியர் சரச்சந்திரர் சிங்கள மரபைத் தழுவி மனமே நாடகத்தை மேடையேற்றியது அவர்க்குத் தூண்டுகோலாயிற்று. வித்தியானந்தன் மட்டக்களப்பினின்று வந்தாறுமூலைச் செல்லையா போன்ற அண்ணாவிமாரை வருவித்தார். பல்கலைக்கழக மாணவரும் அண்ணாவியாரும் எதிரெதிர் நின்று ஆட்டமும் தாளக்கட்டும் பழகினர். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியன 1960-களில் இவ்வாறு உருவாயின. விடியவிடிய ஆடும் கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேர அளவிற்குச் சுருங்கியது. பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகளும் நடத்தப்பெற்றன. போட்டிக்கு மாணவரைப் பழக்க ஆசிரியர் ஊர் அண்ணாவிமாரைத் தேடிச் செல்லவேண்டியதாயிற்று. அலங்காரரூபன் நாடகம் முதலிய கூத்து நூல்களையும் வித்தியானந்தன் பதிப்பித்தார். ஒரு பேராசிரியர் ஏட்டைப் பதிப்பித்ததோடு நில்லாது, ஏட்டை ஆடுவோரையும் உடன் அழைத்து வந்தார் என்பதே இதில் சிறப்பு.

இவ்வழி பின்னர் இரண்டாகப் பிரிந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார்; பள்ளி மாணவர்க்கென நாடகங்கள் பல எழுதினார். இலங்கைப் பாடத்திட்டத்தில் நாடகமும் அரங்கியலும் தேர்வுக்குரிய தனிப்பாடமாக இடம்பெற்றது. பேராதனையில் மாணவராக இருந்து ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகி மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்ததுடன் இராவணேசனை மீண்டும் மேடையேற்றினார். இஃது ஒரு கிளை. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சி. செயசங்கர் வேறு கிளை கண்டார். கூத்தைச் செம்மைப்படுத்தி நகர மேடைக்குக் கொண்டுவருதலை அவர் மறுத்து, சீலாமுனை ஊரின் மக்களோடும் சிறுவரோடும் இருந்து கூத்து மீளுருவாக்கம் என்னும் முறையை வகுத்தார். கூத்தன் பல்கலைக்கழகத்திற்கு வரவேண்டுமா, பல்கலைக்கழகம் கூத்தன் ஊருக்குச் செல்லவேண்டுமா என்பதே இவ்விரு சாராரிடையே உள்ள வழக்கு. இருதரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும் வழக்காடுவதற்கேனும் அங்கே இடம் இருந்தது என்பதை நினைக்க, தமிழகத்து நிலை குறித்து வருத்தமே மேலிடுகின்றது.

தமிழகத்தில் விழிப்பு 1970-களின் இறுதியில் தோன்றியது. 1977-இல் காந்திகிராமத்தில் சே. இராமாநுசம் முதலியோர் முயற்சியால் எழுபது நாள் நாடகப் பயிற்சி நடந்தது. அவ்வாண்டில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டதே அவர்தம் நாடகக் கருத்துகளுக்குத் திருப்பமாயிற்று. இவை நாடகக்காரரை உருவாக்கின. பள்ளியை நேரே தொடவில்லை. இங்கிலாந்தில் கவண்டிரி நகரத்துப் பெல்கிரேடு அரங்கம் 1965-லேயே நடிகர் குழுக்களைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. தில்லித் தேசிய நாடகப் பள்ளி கல்விவழி அரங்கக் குழு ஒன்றை 1989-இல் அமைத்தது. நம் மாநிலத்தில் வேலு சரவணன் போன்றோர் சிறுவர் நாடகத்தைப் பள்ளிதோறும் கொண்டு சென்றனர். அம்முயற்சிகளின் வரலாறு தனியே எழுதற்குரியது; ஈண்டுக் காஞ்சி வட்டாரத்திற்குத் திரும்புவோம்.

பெருங்கட்டூரைச் சேர்ந்த கூத்துக் குடும்பத்தில் 1953-இல் பிறந்தவர் இராசகோபால். பத்து வயதளவிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் நாடக மன்றத்தில் சேர்ந்து ஆடத் தொடங்கினார். அத்தலைமுறைக் கூத்துக்காரர் பலரின் கதை இதுவேயாகும். இரவு முழுதும் ஆடிய சிறுவன் பகலில் வகுப்பில் அமர்தல் இயலாது. கூத்து வேண்டுமெனின் பள்ளி போகும். பள்ளி வேண்டுமெனின் கூத்து போகும். 1990-இல் இராசகோபாலும் பிற கலைஞரும் கூடிக் கட்டைக்கூத்துச் சங்கம் நிறுவினர். நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னே தெ புரூயின் அதற்குத் துணை நின்றார். இவர் இலெய்டன் பல்கலைக்கழகத்தில் இக்கூத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அவ்வாய்வு 1999-இல் நூலாக வந்தது. கூத்தர்க்குரிய மிராசு முறை உரிமைகளையும் கடமைகளையும் அந்நூல் விளக்குகின்றது. சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசந்தாங்கலில் கூத்துக் கலைக்கூடத்தை அமைத்தது. அங்கே 2002-இல் தொடங்கியது கட்டைக்கூத்துக் குருகுலம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். தெருக்கூத்து என்பதே ஆய்வுலகில் பெருவழக்கு. 1990-இல் வெளியான ரிச்சர்டு பிராசுகாவின் நூலும் அப்பெயரையே தலைப்பிற் கொண்டது. புரிசைக் கலைஞரும் அதனையே விரும்புவர். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் முதலிய கட்டை அணிகளை அணிந்து ஆடுவதால் கட்டைக்கூத்து என்பதே தொழில்வழிப் பெயர் என்றும், தெரு என்னும் அடைமொழியில் இழிவு தொனிக்கிறது என்றும் சங்கத்தார் கருதினர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் நம் பணியன்று. ஆயினும் தம் கலையின் பெயரைத் தாமே முடிவு செய்யும் உரிமையைக் கலைஞர் கோரியதை, ஆசிரியப் பதவிக்கு அவர் கோரிய உரிமையின் முதற்படியாகக் காணலாம்.

குருகுலத்தின் நோக்கம் தெளிவானது. பிள்ளைகள் பள்ளிக்கல்விக்கும் கூத்துக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய நிலையை ஒழித்தல். அங்கே தங்கிப் பயின்ற சிறுவர் சிறுமியர், பாடத்திட்டக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒருசேரப் பெற்றனர். பயிற்சி தந்தவர் கூத்து வாத்தியார். பாடம் சொன்னவர் பள்ளி வாத்தியார். இருவரும் ஒரே வளாகத்தில் இருந்தனர். சொல்வழக்கில் எஞ்சியிருந்த பழைய உறவு இங்கு நடைமுறையில் மீண்டது எனலாம். ஆண்களே பெண்வேடமும் புனைந்து ஆடிவந்த இக்கலையில் பெண்குழந்தைகள் முறையாகப் பயிற்சி பெற்று, பெண்களே ஆடும் கூத்தையும் நிகழ்த்தியது குருகுலம் செய்த பெருமாற்றம். அர்ச்சுனனாகவும் துரியோதனனாகவும் பெண்பிள்ளை கிறுக்கி சுற்றி வருதலைக் காஞ்சி வட்டாரம் அதன்முன் கண்டதில்லை. பதினெட்டு ஆண்டுகள் நடந்த பின்னர் 2020-இல் குருகுலம் மூடப்பட்டது.

மூடப்பட்டமையைக் கொண்டு முயற்சி தோற்றது என்று முடிவு கட்டுவார் உளர். அது பொருந்தாது. கவண்டிரியில் தொடங்கிய இயக்கமும் 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் பின் பொருள் வருவாய் குன்றித் தளர்ந்தது. குழுக்கள் பல கலைந்தன. அரசின் பாடத்திட்டத்தில் உரிமையுள்ள இடம் பெறாத எக்கலைக் கல்வியும் நன்கொடையின் காற்றடிக்கும் வரையிலுமே ஓடும் பாய்மரமாக உள்ளது. 2009-இல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்குக் கொணர்ந்தது, அது வேண்டுவதே. சிறுவரை இரவில் ஆடவைத்துக் கல்வியை இழக்கச்செய்யும் பழைய வழி இனி இல்லை, இருத்தலும் ஆகாது. அங்ஙனமாயின் கலைக்குப் பிள்ளைகள் வரும் வழி ஒன்றே எஞ்சுகின்றது. பிள்ளைகள் இருக்கும் இடத்திற்குக் கலைஞர் வரவேண்டும்.

வந்து அவர் கற்பிப்பது யாது? கூத்தர் வகுப்பிற்கு வந்தால் மாணவர்க்குக் குதிக்கவும் பாடவும் தெரியும், தமிழ்ப் பாடத்திற்கு அதனால் ஆவது யாது என்று கேட்போர் தமிழாசிரியருள்ளேயே உள்ளனர். இவ்வினாவிற்குக் கூத்தின் அமைப்பே விடை தருகின்றது. கிருட்டிணன் தூது ஆடப்படும் இரவை எண்ணிப் பார்க்க. திரை பிடிக்கப்படுகிறது. முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் முழங்கத் திரைக்குப் பின்னின்று பாத்திரம் தன்னை அறிவிக்கின்றது. பின்னர் விருத்தம் பாடப்படும். விருத்தம் பாடிய நடிகன் அதனோடு நிற்பதில்லை. அதன் பொருளை வசனத்தில் விரிப்பான். செய்யுளின் அருஞ்சொல் அவ்வூர்ப் பேச்சாக அவிழும். முன்கதை இடையே வரும். வேறு கதையிலிருந்து ஒப்புமை வரும். இன்றைய ஊர்நடப்பும் வரும். அதன்பின் அதே பொருள் தருவாகப் பாடி ஆடப்படும். கட்டியக்காரனோ இடையிடையே குறுக்கிடுவான். தூது செல்பவன் போரை விரும்பியா செல்கிறான், சமாதானத்தை விரும்பியா என்று கேட்பான். அரசனுக்கு எதிரே எவரும் கேட்க அஞ்சும் வினாவை அவன் நகைச்சுவையாக்கிக் கேட்பான்.

இவ்வமைப்பை நம் உரைமரபோடு ஒட்டி நோக்குதல் வேண்டும். மூலம் ஓதி, பொழிப்புத் தந்து, அருஞ்சொல் விளக்கி, மேற்கோள் காட்டி, பின் தடையெழுப்பி விடை கூறுவது நம் பேருரையாசிரியர் நெறி. விருத்தம் மூலம், வசனம் விளக்கவுரை, பிற கதை மேற்கோள், கட்டியக்காரன் வினா தடை, பாத்திரத்தின் மறுமொழி விடை. எழுத்தறிவு நிரம்பாத கூத்தன் நச்சினார்க்கினியரைப் படித்தவனல்லன். ஆயினும் செய்யுளைக் கேட்போர் உள்ளத்தில் இறக்கும் பணி ஒன்றாதலின் முறையும் ஒன்றாயிற்று. சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார் உரை இல்லையேல் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடக நூல்களின் பெயர்களையும் நாம் அறிந்திரோம். அவர் பெயர் சொல்லிய நூல்கள் அழிந்தன. அழியாது நின்றது ஆடுவோர் உடலில் தங்கிய பகுதியே. நம் பள்ளிப்பாடத்திலோ பதவுரை மட்டும் எஞ்சியது. தடையும் விடையும் போயின. வினாக்களை மாணவன் எழுப்புவதில்லை, வினாத்தாள் எழுப்புகின்றது. இழந்த அப்பகுதியைக் கூத்தன் தன்னொடு கொண்டு வருகிறான் என்பதே அவன் வகுப்பறைக்கு வரவேண்டியதற்குத் தலையாய காரணம் என்பது இக்கட்டுரையாளர் துணிபு. நாட்டுப்புறக் கலையைக் காத்தல், மாணவர்க்கு மகிழ்ச்சி தருதல் என்பன அதற்கு அடுத்த நிலையினவே.

பிறிதொரு காரணமும் உண்டு. அதனை வெளிப்படையாகவே கூறல் நலம். கூத்தர் பலர் ஊரில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளைச் சார்ந்தோர். இரவில் அரசவேடம் தாங்கியவரைப் பகலில் பெயர் சொல்லி அழைப்பது ஊர்வழக்கு. அவர்தம் பிள்ளை படிக்கும் பள்ளியில் அவரே ஆசிரியர் இருக்கைக்கு அருகே நின்று பாடம் சொல்ல, மாணவர் எழுந்து நின்று ஐயா என அழைப்பது சிறு செயலாகத் தோன்றலாம். கூத்தாடி என்னும் வசையை அகராதியிலிருந்து நீக்குவதினும் அஃது ஆற்றல் மிக்கது.

தடைகளையும் கூறவேண்டும். தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் நாடகம் தனிப்பாடம் அன்று. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றிற்கென 16,000-க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. வெளியிலிருந்து திறனாளரை வாரத்திற் சில அரைநாள் அழைக்கலாம் என்னும் நெறி அதனால் ஏற்கப்பட்டது. ஆனால் சான்றிதழ் இன்றி எவரும் அவ்வாயிலில் நுழைய இயலாது. ஐம்பதாண்டு ஆடிய வாத்தியாரிடம் காட்டுதற்கு ஒரு தாளும் இல்லை. 2022–2023 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தப்படுகின்றது. மாணவர் பெருந்திரளாகக் கலந்துகொள்ளும் நல்ல ஏற்பாடு அது. எனினும் அது போட்டி. போட்டிக்கு ஒரு நிகழ்ச்சியைச் சில கிழமைகளில் பழக்கி முடித்துவிடலாம். அடவும் குரலும் தாளமும் சில கிழமைகளில் வாரா. ஈழத்தில் போட்டி பயன் விளைத்ததற்குக் காரணம், போட்டிக்குப் பின்னும் அண்ணாவியார் அங்கே இருந்தமை.

கால அட்டவணையும் ஒரு சிக்கல். கூத்து எட்டு மணி நேரம் நிகழ்வது. பாடவேளையோ நாற்பது நாற்பத்தைந்து நிமிடம். பேராதனையில் நிகழ்ந்த சுருக்கம் ஓரளவு வழிகாட்டும். ஆயினும் பள்ளிக்கு முழுக்கூத்து வேண்டுவதில்லை. திரைவரவு ஒன்றே ஒரு வாரத்திற்குப் போதும். ஒரு விருத்தமும், அதன் வசனமும், கட்டியக்காரன் இருவினாவும் எடுத்துக்கொண்டு, வசன விரிவை மாணவரே தம் பேச்சில் கட்டச் செய்யலாம். தமிழாசிரியர் வகுப்பை விட்டு வெளியேறிவிடல் ஆகாது. அரங்கேற்று காதைப் புலவனைப் போல் அவர் உடன் இருந்து, செய்யுள் வழுவாமல் காக்கவேண்டும். கூத்தர் வழங்கும் பாடத்திலும் அச்சுக் கூத்துநூல்களிலும் சிதைந்த சொற்கள் மிகுதி. அவற்றை இருவரும் கூடித் திருத்துதல் ஒரு நல்ல ஆய்வுப் பயிற்சியும் ஆகும். முதுகலை மாணவர் ஒருவரை உடன் அமர்த்தி வசன விரிவுகளை எழுதச் செய்தால், இன்றுவரை ஏடேறாத உரைப்பகுதி ஒன்று நம் துறைக்குக் கிடைக்கும்.

ஊதியம் நாட்கூலியாக அமைதல் கூடாது. கல்வெட்டு நெல்லை ஆண்டுதோறும் என்று வரையறுத்தது கருதத்தக்கது. ஓராடலுக்கு இவ்வளவு என்று அது பேசவில்லை. பருவத்தையும் எண்ணவேண்டும். பாரத விழாக்கள் பெரிதும் வேனிலை ஒட்டியவை. பங்குனி முதல் ஆடி வரை கூத்தர் இரவு விழித்துப் பகல் உறங்குவர். அக்காலத்தில் அவரைக் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு அழைத்தல் பழைய கொடுமையைத் திருப்பிச் செய்வதாகும். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம், களம் இல்லை, கலைஞர்க்கு வருவாயும் இல்லை. பள்ளிக்கோ அவை இரண்டாம் பருவத்தின் நடுமாதங்கள். ஆண்டுத்தேர்வின் அச்சம் அப்போது தொடங்கியிராது. திருப்புட்குழியிலும் உத்தரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களிலும் உள்ள பள்ளிகளுக்குக் கூத்து வாத்தியாரைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. ஐப்பசி முதல் வாரத்தில் திரைவரவு தொடங்கினால், அரையாண்டுத் தேர்விற்கு முன்னரே துரியோதனன் சபையில் கட்டியக்காரன் தன் முதல் வினாவைக் கேட்டுவிடலாம்.